ரத்தம் சோதிக்க வந்து காத்திருக்கும் தம்பதிகளுக்கு
(கச்சிராயபாளையம் குடும்ப நலக் கூட்டத்தில் பேசியது)



கர்ப்பம் என்று தெரிந்ததும் பதிவு செய்கிறீர்கள், ரத்தம் கொடுக்கிறீர்கள். "ஒரு லோடு கரும்பு எடை போட்டு வெளியே வந்துடுது, என்ன குரூப்புன்னு சொல்ல இவ்வளவு நேரமா?" என்று ஒரு கணவர் என்னிடம் கோபித்துக்கொண்டார்.

அவர் சொன்ன எடை மேடையையே எடுத்துக்கொள்வோம். அது சரியாக இருக்கிறதா என்று முத்திரை போட்ட எடைக்கல்லை வைத்துத்தான் பார்க்க முடியும். ரத்த வங்கியிலும் அப்படி ஒரு எடைக்கல் உண்டு. இன்ன பிரிவு என்று முன்பே தெரிந்தவர்களுடைய சிவப்பணுக்கள்தான் அது. ஏ ஒரு குழாய், பி ஒரு குழாய், ஓ ஒரு குழாய்.

ஏ பிரிவுக்காரருடைய ரத்தத்தின் தெளிநீரில் பி அணுவுக்கு எதிரி இருக்கும். பி-காரரிடம் ஏ-வுக்கு எதிரி. ஓ-காரரிடம் இரண்டுக்குமே உண்டு. ஆகவே முதலில் உங்கள் அணுவை மருந்தோடு கலந்து பார்ப்பார்கள். பிறகு உங்கள் தெளிநீரை அந்தத் தெரிந்த அணுக்களோடு கலந்து பார்ப்பார்கள். இரண்டும் ஒத்துவந்தால்தான் சீட்டில் எழுதுவார்கள். (பச்சைக் குழந்தைக்கு இரண்டாவது சோதனை கிடையாது. நாலு மாதம் வரை அதற்குச் சொந்த எதிரி அவ்வளவாக உருவாகாது.)

இது வெட்டி வேலை இல்லைங்க. 1952-இல் பம்பாயில் டாக்டர் பெண்டேயும் உடனிருந்தவர்களும் ஒரு புதுப் பிரிவைக் கண்டுபிடித்தார்கள். முதல் சோதனையில் பார்த்தால் அது ஓ மாதிரியே இருக்கும். ஆனால் அந்தத் தெளிநீர் ஓ அணுவையும் திரித்துவிடும். அவர்களுக்கு ஓ ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. அபூர்வம்தான். என்றாலும் வேறு நாடுகளைவிட நம் நாட்டில் அதிகம். அக்கா மகள், அத்தை மகள் என்று சொந்தத்திலேயே கட்டுகிற குடும்பங்களில் வாய்ப்பு இன்னும் கூடும். ஓ குழாய் ஒன்று இல்லாவிட்டால் இந்த இரண்டு சோதனையில் இது தெரியாமலே போய்விடும்.

ஆனால் எடைக்கல் இரும்பு. இதுவோ பால் மாதிரி. 2-லிருந்து 8 டிகிரிக்குள் குளிர்ச்சியில் இருக்க வேண்டும். வெளியே வைத்தால் கெடும். ஐஸாக உறைந்தால் அணு வெடித்துவிடும். வெறும் உப்புத் தண்ணீரில் கலந்தது அன்றைக்கு மட்டும்தான். காலையில் குழாயை எடுத்ததும் மேலே தெளிந்த தண்ணீரைப் பார்ப்பார்கள். அது சிவந்திருந்தால் அணு உடைந்திருக்கிறது, கொட்டிவிட வேண்டியதுதான். நன்றாக இருந்தாலும் விடுவதில்லை. ஏ அணு ஏ மருந்தில் திரிகிறதா, பி மருந்தில் திரியாமல் இருக்கிறதா, ஓ அணு இரண்டிலும் சும்மா இருக்கிறதா என்று பார்த்து நோட்டில் எழுதிய பிறகுதான் உங்கள் ரத்தத்தைத் தொடுவார்கள்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் ராத்திரி முழுக்க கரண்ட் இல்லை. காலையில் பார்த்தால் குழாய்த் தண்ணீர் எல்லாம் சிவப்பு. மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்த ஒருவர், "என் சம்சாரத்து ரத்தம் கெட்டுப்போச்சா?" என்று பதறிவிட்டார். இல்லைங்க, கெட்டது எங்க ரத்தம் என்று சமாதானம் சொன்னோம். பிறகு ஊழியர்களிடமே ரத்தம் எடுத்து, மூன்று தடவை அலசி, புது அணு தயாரித்துச் சோதித்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

அந்த அம்மாவுக்கு ஆர்.எச். நெகட்டிவ். இரண்டாவது கர்ப்பம். முதல் பிரசவம் வீட்டிலேயே நடந்தது, அதனால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஆன்டி-டி ஊசி போடவில்லை. இப்படிப்பட்டவர்களின் தெளிநீரை ஓ பாசிட்டிவ் அணுவோடு கலந்து, குழந்தையின் ரத்தத்துக்கு எதிரி உருவாகிவிட்டதா என்று பார்ப்பது வழக்கம். அணு கெட்டுப்போயிருந்தால் இருக்கிற எதிரியும் "இல்லை" என்று வந்துவிடலாம். புது அணுவில் பார்த்தோம், எதிரி இருந்தது. இனி ஊசி பயன்படாது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். குழந்தை கடும் மஞ்சள் காமாலையோடு பிறந்தது. ரத்தம் மாற்றினார்கள், பிழைத்துக்கொண்டது.

உங்கள் சீட்டில் நெகட்டிவ் என்று இருந்தால், வீட்டுக்காரரும் வந்து ரத்தம் கொடுங்கள். ஏழாம் மாதத்தில் அந்தச் சோதனையும் ஊசியும் உண்டா என்று நர்ஸம்மாவிடம் கேளுங்கள். கரு கலைந்தாலும் ஊசி வேண்டியிருக்கும், மறைக்காமல் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் போகும்போது சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். அங்கே மறுபடி ரத்தம் கேட்டால், "போன தடவையே பார்த்தாச்சே" என்று சொல்லாமல் கையை நீட்டுங்கள்.