ஆழாக்கும் கிராமும்

திருவான்மியூரில் எங்கள் தெருவிலுள்ள பழைய வீடுகள் சிலவற்றில், பாட்டிமார் எழுதிவைத்த சமையற் குறிப்பேடுகள் இன்றும் உண்டு. பாயசத்துக்கு உலர்ந்த திராட்சை ஓர் ஆழாக்கு என்றிருக்கும். மளிகைக் கடையிலோ கிராமில் நிறுத்துத் தருகிறார்கள். எத்தனை கிராம் கேட்பது?

1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக வழக்கிற்கு வந்தன. ராத்தலைக் கிராமாக்க 454 என்ற ஓர் எண் போதும். ஆழாக்குக்கு அப்படி ஓர் எண் இல்லை. அது அளப்பது இடத்தை, தராசு காட்டுவது எடையை. ஆழாக்கும் ஊருக்கு ஊர் வேறுபட்டது.

ஆகவே வீட்டுப் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, அத்தண்ணீரை நிறுத்துப் பாருங்கள். 200 கிராம் என்றால் கொள்ளளவு 200 மில்லிலிட்டர். அதற்காகத் திராட்சையையும் 200 கிராம் வாங்கிவிடாதீர்கள்! பழங்களுக்கிடையே காற்று இருக்கிறதல்லவா? தளர்வாகப் போட்டுத் தலைதட்டினால் ஏறத்தாழ 120 கிராம்தான் நிற்கும். அழுத்தி நிரப்பினால் 140ஐ நெருங்கும். கலியாணச் சமையலில் 50 பாத்திரம் என்றால் இவ்வேறுபாடே ஒரு கிலோ. செலவு செய்பவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கிடைத்த எண்ணைக் குறிப்பேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். பேரீச்சம்பழத்தை முழுதாகப் போட்டால் இடைவெளி இன்னும் மிகும். அதைத் தனியே நிறுத்துக்கொள்ளுங்கள்.