குடியை விட்டவனைப் பிடிக்கும் பேய்

(மதுரைக்கடுத்த கிராமமொன்றில் செய்த பிரசங்கத்தின் சுருக்கம்)



குடி ஈரலைச் சுருக்கும், இரத்தம் கக்க வைக்கும், புற்றுநோய் உண்டாக்கும் என்பது குடிக்கிறவனுக்கே தெரியும். நான் பேச வந்தது, குடியை விட்ட மூன்றாம் நாள் வருகிற ஆபத்தைப் பற்றி.

பல வருஷம் தினந்தோறும் மிதமிஞ்சிக் குடித்தவன், கோவிலில் கயிறு கட்டிக்கொண்டோ மாலை போட்டுக்கொண்டோ திடீரென்று நிறுத்துகிறான். எண்ணம் நல்லதுதான். ஆனால் நடப்பதென்ன? முதல் நாள் கை நடுக்கம், வேர்வை, தூக்கமின்மை. இரண்டு நாளைக்குள் சிலருக்கு வலிப்பு. மூன்றாம் நாள்வாக்கில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சியைத் தட்டுவதும், இல்லாத ஆளோடு பேசுவதும் உண்டாகின்றன. உடனே வீட்டார் "சாமி குத்தம்" என்கிறார்கள். "முனி அடித்துவிட்டது" என்கிறார்கள். வேப்பிலை வருகிறது, உடுக்கை வருகிறது, வைத்தியர் மாத்திரம் வருவதில்லை. கவனிக்காவிட்டால் இது உயிரையே வாங்கிவிடும்.

தோழர்களே! சாராயமானாலும் பிராந்தியானாலும் மூளையை அமுக்கி வைக்கிற வஸ்து. தினமும் அமுக்கப்படும் மூளை, அதற்கு ஈடாகத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ளுகிறது. அமுக்கின கையைத் திடீரென எடுத்தால் அது தறிகெட்டு ஓடுகிறது. இதில் முனி எங்கே வந்தான்? தாமஸ் சட்டன் என்னும் இங்கிலாந்து வைத்தியர் 1813லேயே இதை ஒரு வியாதியாக எழுதி வைத்தார். அங்கே முனியாண்டி கோவில் ஏது? வெள்ளைக்காரக் குடிகாரனையும் பிடிக்கிற இந்தப் பேய் புட்டியிலிருந்து வந்ததா, புளியமரத்திலிருந்து வந்ததா? யோசித்துப் பாருங்கள்.

பேயென்று நம்பினால் அடுத்தது சங்கிலிதானே! 2001 ஆகஸ்டு 6ந் தேதி இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் தீப்பிடித்து 28 மனநோயாளிகள் மாண்டார்கள். சங்கிலியில் கிடந்தவர்கள் எப்படி ஓடுவார்கள்? சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம் தடுத்திருக்கிறது. குடியால் வரும் மனக்கோளாறும் அச்சட்டத்திற்குட்பட்டதே.

இதைச் சாக்காக வைத்துக் குடியைத் தொடரலாமென்று எவரும் நினைக்கவேண்டாம். விடத்தான் வேண்டும், டாக்டரின் பார்வையில் விடவேண்டும். சில நாள் மருந்தில் நடுக்கமும் வலிப்பும் அடங்கும்; பி1 வைட்டமின் ஊசி ஞாபகசக்தியைக் காக்கும். மதுரைப் பெரியாஸ்பத்திரி பக்கத்தில்தானே இருக்கிறது? 14416 என்ற சர்க்கார் டெலிபோனிலும் யோசனை கேட்கலாம்.

ஆகவே தாய்மார்களே, வீட்டில் ஒருவன் குடியை விடுகிறேனென்றால், கோடாங்கிக்குக் கொடுக்கும் பணத்தைப் பஸ் சார்ஜாக எடுத்துக்கொண்டு அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.