கல் நடப்படாதவர்களின் கல்லறைகள்

விக்டோரியா காலத்தில் திண்டுக்கல் நகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளியிலும் மறைந்தவர்களின் அடக்கத்தலங்களைப் பற்றிய இக்கருத்தரங்கிற்குத் தலைமையேற்கும் பொறுப்பை எனக்கு அளித்த அமைப்பாளர்களுக்கு நன்றி.

இந்த ஊரில் சில கல்லறைகளைத் தேடவே வேண்டியதில்லை. ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகம் அடங்கியிருக்கும் இடம் பேகம்பூர் என்று ஊர்ப்பெயராகவே நின்றுவிட்டது. பெரியவர்களுக்கு அது வாய்த்தது. நம் கவலை மற்றவர்களைப் பற்றியது. 1837 முதல் 1901 வரையிலான காலத்தில் இங்கே கோட்டைக் காவலில் இருந்தவர்கள், மிஷன் பள்ளி நடத்தியவர்கள், ஊர் ஊராக நடந்த உபதேசியார்கள், புகையிலைத் தோட்டத்தில் பாடுபட்டவர்கள், 1875இல் வந்த ரயில் பாதைக்கு மண் சுமந்தவர்கள், 1876–78 பஞ்சத்தில் மாண்டவர்கள் என எத்தனையோ பேர் மண்ணுக்குள் போனார்கள். இவர்களில் மிகச் சிலருக்கே கல் நடப்பட்டது. மற்றவர்களுடைய அடக்கத்தலங்களை ஏட்டிலும் நில ஆவணத்திலும்தான் தேட முடியும். என் உரையின் சாரம் இதுதான்.

முதலில் ஓர் அடிப்படை வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1837 ஜூலை முதல் குடிமைப் பதிவு உண்டு. பத்தாண்டுக்கு ஒருமுறை வீடு வீடாக எடுத்த குடிக்கணக்குத் தாள்களும் பத்திரமாக இருக்கின்றன. இங்கே 1871 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் நடந்தாலும் கூட்டுத்தொகைகள் மட்டுமே அச்சாயின. ஒவ்வொருவரின் பெயரையும் தாங்கிய தாள்கள் காக்கப்படவில்லை. பிறப்பு இறப்புப் பதிவுக்கான சென்னைச் சட்டம் வந்தது 1899இல், விக்டோரியாவின் ஆட்சி முடியும் தறுவாயில். ஆகவே இந்த மண்ணில் ஒரு சாதாரண மனிதர் வாழ்ந்தார் என்பதற்கு அவருடைய அடக்கப் பதிவே ஒரே சான்றாக இருக்கக்கூடும். குடும்ப வரலாறு எழுதுவோருக்கு அந்த ஒற்றை வரியின் அருமை தெரியும்.

ஐரோப்பியர்களைப் பொறுத்தவரை பாதை ஓரளவு செப்பனிடப்பட்டிருக்கிறது. சென்னை மாகாணத்துக் குருமார்கள் ஆண்டுதோறும் அனுப்பிய ஞானஸ்நான, திருமண, அடக்கக் கணக்குகளின் படிகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் ‘என்/2’ என்ற வரிசையில் உள்ளன. அந்த அச்சிட்ட படிவத்தின் கட்டங்களைக் கவனியுங்கள்: இறந்த நாள், அடக்கம் செய்த நாள், பெயர், வயது, தொழில், மரணத்தின் காரணம், அடக்கம் செய்த இடம், சடங்கை நடத்தியவரின் கையொப்பம். இறந்த நாளும் அடக்க நாளும் பெரும்பாலும் ஒன்றாகவோ அடுத்தடுத்தோ இருக்கும். இந்த வெயிலில் உடலை வைத்திருக்க முடியாது. இங்கிலாந்தின் இறப்புச் சான்றிதழில் அடக்க இடமே குறிக்கப்படுவதில்லை. அவ்வகையில் நம் ஏடு கூடுதலாகவே சொல்கிறது.

இதற்குத் துணையாக ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905இல் வெளியிட்ட சென்னை மாகாணக் கல்லறை எழுத்துகளின் தொகுப்பு இருக்கிறது. அதை வைத்துத் தேடுவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல். அதற்கு முந்தைய எந்த ஆவணத்திலும் மதுரை ஜில்லாவின் கீழ்தான் நம் ஊரைத் தேட வேண்டும். 1976இல் தொடங்கிய தெற்காசியக் கல்லறைகளுக்கான பிரிட்டிஷ் சங்கமும், 1998இல் தொடங்கிய பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் கழகமும் இப்பணியைத் தொடர்கின்றன. ஆனால் காட்டனின் தொகுப்பு, அதன் தலைப்பே சொல்வதுபோல, வரலாற்று முக்கியத்துவம் உள்ளவை என்று கருதப்பட்ட கற்களுக்கு மட்டுமானது. காய்ச்சலில் போன கைக்குழந்தைக்கும், உபதேசியாருக்கும், ரயில்வே கொத்தனாருக்கும் அதில் இடம் கிடைப்பது அரிது.

இறந்த ஊர் வேறு, அடங்கிய ஊர் வேறு என்பதும் ஆய்வாளரை அலைக்கழிக்கும். அமெரிக்க மதுரை மிஷனார் 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டத் தொடங்கியதற்கு, சமவெளியில் அடுத்தடுத்து நேர்ந்த நோயும் மரணமுமே காரணம். அதன்பின் மலைக்கு எடுத்துச் செல்லப்பட்ட நோயாளிகள் சிலர் மலையிலேயே அடங்கினார்கள். மாறாக, பேராயர் கால்டுவெல் 1891 ஆகஸ்டில் கொடைக்கானலில் மறைந்தார். அவருடைய உடல் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்குக் கொண்டுபோகப்பட்டு, அவர் எழுப்பிய ஆலயத்தில் அடக்கமாயிற்று. இவ்வளவு புகழ்பெற்றவருக்கே இப்படி என்றால், பெயர் தெரியாத ஓர் எழுத்தரின் அடக்கத்தலத்தை ஒரே ஊரில் தேடி ஓய்ந்துவிடக் கூடாது.

இனி நம்மவர்களுக்கு வருகிறேன். கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் பங்கின் மரணப் பதிவேடே முதல் வாசல். அதன் மொழி பெரும்பாலும் லத்தீன். வீட்டில் இராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் அங்கே ‘பெத்ருஸ்’, சின்னப்பன் ‘பவுலுஸ்’, அருளப்பன் ‘யோவான்னெஸ்’, சூசை ‘யோசேஃபுஸ்’, ஞானப்பிரகாசம் ‘அலோய்சியுஸ்’. இது தெரியாமல் தம் பாட்டனாரின் பெயர் ஏட்டிலேயே இல்லை என்று திரும்பிப் போனவர்கள் உண்டு. 1838இல் சேசு சபையார் மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்தபின், அவர்களுக்கும் போர்ச்சுகீசிய ஆதரவுரிமையின் கீழிருந்த பதுரவாதோ குருக்களுக்கும் இடையே நீண்ட காலம் அதிகாரப் பூசல் நிலவியது. ஓர் ஊரிலேயே இரு தரப்புக்கும் கோயிலும் மக்களும் இருந்ததுண்டு. எனவே ஒரு தரப்பின் ஏட்டில் இல்லாதவர் மறுதரப்பின் ஏட்டில் இருக்கலாம். திண்டுக்கல் மறைமாவட்டம் 2003இல் உருவாகும்வரை இப்பகுதி திருச்சி மறைமாவட்டத்தோடு இருந்ததால் திருச்சியிலும், சேசு சபையார் ஆவணங்களைச் சேர்த்து வைத்த செண்பகனூரிலும் விசாரிக்க வேண்டும். சீர்திருத்தச் சபையினருக்கு மிஷனின் கடிதங்களும் ஆண்டறிக்கைகளும் உதவும். அமெரிக்க மிஷனின் தலைமைச் சங்கத்துத் தாள்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

ஏடே இல்லாதவர்களுக்கு என்ன வழி? நிலம் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டைப் புரட்டுங்கள். ஒவ்வொரு புல எண்ணுக்கும் நேராகப் பட்டா நிலமா, புறம்போக்கா என்றும், புறம்போக்கானால் ஓடையா, வண்டிப்பாதையா, சுடுகாடா, இடுகாடா, கல்லறையா, மையவாடியா என்றும் எழுதியிருக்கும். 1979இல் தொடங்கிய, நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யூடிஆர் பணிக்கு முந்தைய பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் இன்றைய பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எந்த இடுகாடு சுருங்கியது, எது பேருந்து நிலையமாயிற்று, எது யாருடைய நிலத்தில் கரைந்தது என்பது வெளிப்படும். கம்பளத்து நாயக்கர்கள் முன்னோருக்கு எடுத்த மாலைக்கோயில்களும் இவ்வாறே புல எண்ணோடு பதிவாக வேண்டியவை.

ஊரைவிட்டுப் போய் மடிந்தவர்களையும் மறக்கலாகாது. மதுரை ஜில்லாவிலிருந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு நடந்து போனவர்களில் பலர் மன்னாரிலிருந்து மாத்தளை செல்லும் வழியிலேயே விழுந்தார்கள். அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்களின் கதை வேறு. 1860 நவம்பர் 16இல் ‘டுரூரோ’ கப்பல் டர்பனை அடைந்ததிலிருந்து 1911 வரை இந்தியாவிலிருந்து போன சுமார் 1,52,000 ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குப் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், அங்க அடையாளம்கூடப் பதிவாயிற்று. அந்தப் பட்டியலின் நகலோடு இன்று அவர்களின் சந்ததியார் நம் கிராமங்களுக்கு வருகிறார்கள். அங்கே அடங்கியவரின் தாய்தகப்பன் இங்கே எங்கே அடங்கினார்கள் என்ற அவர்கள் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது.

இக்கருத்தரங்கின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். முதலாவது, திண்டுக்கல், நிலக்கோட்டை, நத்தம், வேடசந்தூர் வட்டங்களின் பங்குகளிலும் சபைகளிலும் உள்ள 1901க்கு முந்தைய மரணப் பதிவேடுகளை, உரியவர்களின் இசைவோடு பக்கம் பக்கமாகப் படமெடுக்க வேண்டும். அந்தத் தாள்கள் பூச்சியரித்து, மை தாளைத் தின்று, தொட்டால் உதிரும் நிலைக்கு வந்துகொண்டிருக்கின்றன. இரண்டாவது, நிற்கும் கற்களை முறையாகப் படியுங்கள். தேய்ந்த எழுத்தைச் சுண்ணாம்பு தேய்த்தோ கம்பியால் சுரண்டியோ படிக்க வேண்டாம். காலை வெயிலில் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியைக் கல்லின் பக்கவாட்டில் பிடித்து ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சினால், பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து தானே எழும்பும். சலவைக்கல் பலகை களவுபோய்ச் செங்கல்லும் காரையும் மட்டும் மிஞ்சியிருந்தாலும் அதன் நீள அகலத்தை அளந்து எழுதுங்கள். குழந்தையின் கல்லறை அளவாலேயே தெரிந்துவிடும். மூன்றாவது, நாம் தயாரிக்கும் பெயரடைவில் வெள்ளைக்காரருக்கு ஒரு பட்டியல், நம்மவருக்கு ஒரு பின்னிணைப்பு என்று பிரிக்கக் கூடாது. கலெக்டரும் அவர் குதிரைக்காரரும் ஒரே அகரவரிசையில், ஒரே கட்டங்களோடு இடம்பெற வேண்டும். வாழ்ந்தபோது கிடைக்காத சமத்துவத்தை இறந்தவர்களுக்கு நம் பட்டியலாவது தரட்டும்.

இப்பணிக்குப் பெரிய நிதி தேவையில்லை. லத்தீனும் பழைய தமிழ்க் கையெழுத்தும் படிக்கத் தெரிந்த சிலர், ஒரு படக்கருவி, கோயில்பிள்ளையின் ஒத்துழைப்பு, பொறுமை ஆகியவை போதும். மாணவர்கள் ஆளுக்கொரு கிராமத்தை எடுத்துக்கொண்டால், அடுத்த கருத்தரங்கு கூடுவதற்குள் இவ்வட்டாரத்தின் முதல் பெயரடைவு நம் கையில் இருக்கும். அதற்கான பணிக்குழுவை இன்று மாலை அமர்விலேயே அமைக்குமாறு கேட்டுக்கொண்டு, முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.