மான் வேட்டையும் மெட்ராலஜி லேபும்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் எனக்குப் போன் பண்ணி, "விசா, சம்பளம், மேற்படிப்பு இதைப் பத்தியெல்லாம் போன வருஷமே ரெண்டு பேர் பேசிட்டாங்க, நீ வேற ஏதாவது பேசுப்பா" என்றார். "வேட்டையைப் பற்றிப் பேசட்டுமா சார்?" என்று கேட்டேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம், "மெக்கானிக்கல் சம்பந்தம் இருக்குமில்ல?" என்றார். இருக்கிறது. கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் வேட்டை கிடையாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-ல் வந்த திருத்தமும் அதை முடித்து வைத்துவிட்டன. முடித்து வைத்தது சரிதான். கென்னத் ஆண்டர்சன் .405 வின்செஸ்டரைத் தூக்கிக்கொண்டு சேலம், தருமபுரிக் காடுகளில் அலைந்த காலம் வேறு. யாரும் இதைக் கேட்டுவிட்டு ஏர்கன்னோடு ஏரிக்கரைக்குப் போய்விடாதீர்கள். நான் பேசுவது விஸ்கான்சின் மாநிலத்தைப் பற்றி. அங்கே ஒவ்வொரு நவம்பரிலும் ஒன்பது நாள் துப்பாக்கி சீசன். பாங்கில், பள்ளிக்கூடத்தில், நான் வேலை பார்க்கும் பம்ப் தொழிற்சாலையில், எல்லா இடத்திலும் பாதிப் பேர் லீவு. ஓநாயும் புலியும் இல்லாத வயல்காட்டில் வெள்ளைவால் மான் பெருகி, காரில் அடிபட்டுச் சாகிறது, பயிரைத் தின்கிறது. சுட்டதைத் தின்பார்கள், ஒரு குடும்பத்துக்குக் குளிர்காலம் முழுக்க வரும்.

நான் 2009-ல் இங்கிருந்து வெளியே போனவன். 2015-ல் அங்கே போய்ச் சேர்ந்தேன். எங்கள் டூல் ரூமில் ஒரு பெரியவர். நாற்பது வருஷம் டை செய்த கை. அவர்தான், "வர்றியா?" என்று கேட்டார். எனக்கு ஆசை வந்துவிட்டது. தற்காலிக விசாவில் இருப்பவன் அமெரிக்காவில் துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் ஒரு மாநிலத்தின் வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. 1973-லோ அதற்குப் பிறகோ பிறந்தவன் பயிற்சி வகுப்பில் தேறினால்தான் உரிமம். பத்து வயதுப் பையன்களோடு உட்கார்ந்து தேறினேன். எந்தத் துப்பாக்கியும் குண்டு போட்டதாகவே நினை, குழலைப் பத்திரமான பக்கமே காட்டு, குறியையும் குறிக்குப் பின்னால் இருப்பதையும் பார், சுடும்வரை விரலை டிரிகருக்கு வெளியே வை. இந்த நாலுதான் பாடம்.

அப்புறம் கடைக்குப் போனேன். இங்கேதான் என்னுடைய என்ஜினியரிங் மூளை கெட்டுப்போனது. பெரியவரிடம் இருந்தது ஒரு பழைய .308, அதன் மேல் நாலு மடங்கு காட்டும் சின்ன ஸ்கோப். நான் வாங்கியது .300 வின்செஸ்டர் மேக்னம், அதன் மேல் 6 முதல் 24 மடங்கு வரை காட்டும் ஸ்கோப், 50 மில்லிமீட்டர் லென்ஸ். சக்தி அதிகம், உருப்பெருக்கம் அதிகம், அப்படியானால் நல்லதுதானே? கேட்டலாக் பார்த்து மோட்டார் வாங்கினால்கூட நாம் இப்படிச் செய்ய மாட்டோம், லோடு என்ன என்று முதலில் கேட்போம்.

குண்டையும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன். மேஜை மேல் மணல் மூட்டை வைத்து, 100 கெஜத்தில் மூன்று மூன்றாகச் சுட்டேன். வேட்டைக்கென்று செய்த சாஃப்ட் பாயின்ட் குண்டு ஒண்ணேகால் அங்குல வட்டத்தில் விழுந்தது. பந்தயத்துக்கென்று செய்த மேட்ச் குண்டு அரை அங்குலத்தை ஒட்டி. சரி, இதுதான் என்று பெட்டி பெட்டியாக வாங்கினேன்.

மாணவர்களுக்காக ஒரு விஷயம். துப்பாக்கிக்காரர்கள் துல்லியத்தை எம்.ஓ.ஏ. என்பார்கள், மினிட் ஆஃப் ஆங்கிள். ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 100 கெஜத்தில் அது 1.047 அங்குலம், அதாவது 26.6 மில்லிமீட்டர். ஸ்கோப்பின் திருகில் ஒரு கிளிக் பெரும்பாலும் கால் எம்.ஓ.ஏ. இதெல்லாம் நம் சைன் பார் கணக்குதான். ஆனால் மூன்று துளையை வைத்துக்கொண்டு "என் ரைபிள் அரை எம்.ஓ.ஏ." என்று மார்தட்டுவது இருக்கிறதே, அது மெட்ராலஜி வைவாவில் நிற்காது. சிதறலின் சிக்மா ஒன்றாக இருந்தால், மூன்று குண்டில் மிகத் தூரமான இரண்டு துளைகளின் இடைவெளி சராசரியாக 2.4 சிக்மா. பத்துக் குண்டில் அதுவே 3.8. அதாவது அதே துப்பாக்கி, அதே குண்டு, எண்ணிக்கையைக் கூட்டினாலே வட்டம் ஒன்றரை மடங்குக்கு மேல் வளரும். நான் பத்துச் சுடவில்லை. தோளில் அடித்த அடியில் மூன்றுக்கு மேல் முடியவில்லை என்பதுதான் உண்மை. அதை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை.

2018 நவம்பர், சீசனின் முதல் நாள். தரையில் பனி. நாள் முழுக்க ஒன்றும் வரவில்லை. மாலை நாலரை மணி, வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. 140 கெஜத்தில், மரங்களின் ஓரத்தில் ஒரு கலைமான். ஸ்கோப்பில் கண்ணை வைத்தேன், மானைக் காணோம்! 24 மடங்கில் விட்டிருந்தேன். அந்த மடங்கில் 100 கெஜத்தில் நாலைந்து அடி அகலம்தான் தெரியும். மரம், மரம், பனி, மரம் என்று தேடினேன். தவிர, படம் ஒரே இருட்டு. ஸ்கோப்பிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம், லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் வருவது. 50-ஐ 24-ஆல் வகுத்தால் 2 மில்லிமீட்டர். அந்தி நேரத்தில் நம் கண்மணி ஐந்து, ஆறு மில்லிமீட்டர் விரிந்திருக்கும். பெரியவருடைய மலிவு ஸ்கோப்பில் 32-ஐ 4-ஆல் வகுத்தால் 8. என் ஸ்கோப்பின் விலையில் அவருடையதைப் போல ஏழு வாங்கலாம், அந்த நேரத்தில் அவருக்குத்தான் மான் தெரிந்திருக்கும்.

ஒருவழியாக மான் கிடைத்தது. அவசரமாக டிரிகரை இழுத்தேன். மான் முதுகைக் கூனிக்கொண்டு மெதுவாக நடந்து காட்டுக்குள் போய்விட்டது.

பெரியவர் டார்ச்சோடு வந்தார். பனியில் கொஞ்சம் பழுப்பு மயிர், ரத்தம் அதிகமில்லை, பச்சையாக ஏதோ. அதைத் தொட்டு முகர்ந்து பார்த்தார். வயிற்றில் பட்டிருக்கிறது. "இப்போது துரத்தினால் ஓடிக்கொண்டே இருக்கும், காலையில் பார்ப்போம்" என்றார். திட்டவில்லை. அன்று இரவு நான் தூங்கவில்லை. மறுநாள் எட்டரை மணிக்கு, முக்கால் கிலோமீட்டர் தள்ளி, ஓடைக்கரையில் கிடந்தது. கயோட்டிகள் பின்பக்கத்தைத் தின்றிருந்தன. மிச்சமும் ஆகாது. மேட்ச் குண்டு உடம்புக்குள் விரியவே இல்லை, இந்தப் பக்கம் பென்சில் துளை, அந்தப் பக்கமும் பென்சில் துளை. அது காகிதத்துக்குச் செய்த குண்டு. அட்டையில் "வேட்டைக்கு அல்ல" என்று போட்டிருந்தது, நான்தான் படிக்கவில்லை. விதிப்படி அந்த மானை என் பெயரில் பதிவு செய்தேன். என் பங்கு அதோடு முடிந்தது.

அம்மாவிடம் போனில் சொன்னேன். எங்கள் வீடு சைவம் இல்லை, ஆடு கோழி எல்லாம் உண்டு. அம்மா கேட்டது ஒன்றுதான்: "ராத்திரி பூரா உசுரோட இருந்துச்சாப்பா?" தெரியலம்மா என்றேன்.

அடுத்த வாரம் பெரியவர் என்னை ரேஞ்சுக்குக் கூட்டிப் போனார். துப்பாக்கியைத் தானே வாங்கி, எனக்குத் தெரியாமல் சில தடவை தோட்டா போட்டும், சில தடவை வெறும் தோட்டாக் கூடு போட்டும் கொடுத்தார். வெறும் கூடு வந்தபோதெல்லாம், டிரிகரை இழுத்த நொடியில் என் குழல் முனை ஒரு சாண் கீழே குத்தியது. வெடிக்கும் முன்பே உடம்பு உதைக்குப் பயந்து முந்திக்கொள்கிறது. மணல் மூட்டை அதை மறைத்திருந்தது.

மேக்னத்தை விற்றுவிட்டேன். .308 வாங்கினேன், 1952-ல் வந்த பழைய தோட்டா, எந்தக் கடையிலும் கிடைக்கும், உதை தாங்கும். இன்றைக்கு வாங்குகிறவர்கள் 2007-ல் வந்த 6.5 க்ரீட்மூரையும் பார்க்கலாம், உதை இன்னும் குறைவு. மானுக்கு எது என்றாலும் வித்தியாசம் தெரியாது. டிரிகரை ஒன்றரைக் கிலோ இழுப்புக்குக் குறையாமல் சுத்தமாக விடும்படி சரிசெய்து வாங்கினேன். ஸ்கோப் 3 முதல் 9 மடங்கு, 40 மில்லிமீட்டர், நடக்கும்போது எப்போதும் 3-ல்தான் இருக்கும். வளையத் திருகுகளை டார்க் டிரைவரால் 2 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினேன். கையால் "நல்லா டைட்" என்று முறுக்குகிறவர்களின் ஸ்கோப் இருபதாவது குண்டில் நகரும்.

குண்டு விஷயத்தில் ஒரு யோசனை வந்தது. ஈயக் குண்டு உடம்புக்குள் சிதறி, மணலைவிடச் சின்னத் துகளாக இறைச்சியில் கலக்கிறது. 2008-ல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்குத் தானமாகக் கொடுத்த மான் இறைச்சியில் ஈயம் கண்டு, அதை எறியச் சொன்னார்கள். கலிபோர்னியா 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயமே கூடாது என்றுவிட்டது. எனக்கு அப்போது வீட்டில் கைக்குழந்தை. அதனால் முழுச் செம்புக் குண்டுக்கு மாறினேன். செம்பின் அடர்த்தி 8.96, ஈயம் 11.34. ஆகவே அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். நீளமான குண்டு நிலையாகப் பறக்க, குழலின் உள்முறுக்கு வேகமாகச் சுழற்ற வேண்டும். அதனால் 165 கிரெய்னை விட்டு 150-க்கு இறங்கினேன். என் குழலில் அது பத்துக் குண்டுக்கு இரண்டு அங்குலம். முன்பு இதைப் பார்த்துச் சிரித்திருப்பேன்.

ஏனென்றால் மானின் நெஞ்சுப் பகுதி, இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம், ஏறக்குறைய எட்டு அங்குல வட்டம். பெரியவர் சொன்ன பரீட்சை இது: எட்டு அங்குலக் காகிதத் தட்டு. மேஜை கிடையாது. காட்டில் எப்படி உட்காருவாயோ அப்படி உட்கார்ந்து, கொஞ்ச தூரம் ஓடி வந்து மூச்சு வாங்க ஐந்து சுடு. ஐந்தும் தட்டில் விழும் தூரம்தான் உன் தூரம். துப்பாக்கியின் தூரத்தைக் கேட்காதே. 200 கெஜத்துக்குச் சரிசெய்த .308, 100-ல் இரண்டு அங்குலம் மேலே, 300-ல் எட்டு ஒன்பது அங்குலம் கீழே. பத்து மைல் வேகக் காற்று குறுக்கே அடித்தால் 200 கெஜத்தில் மூன்று அங்குலம் தள்ளும். இவ்வளவும் எனக்கு மனப்பாடம். தட்டுப் பரீட்சையில் எனக்கு வந்தது 90 கெஜம்.

2019-ல் 200 கெஜத்தில் ஒரு நல்ல கலைமான் ஐந்து நிமிஷம் நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த வருஷம் வெறுங்கையோடு வந்தேன், ஆபீசில் கேலி. 2020-ல் தட்டு 120 கெஜத்துக்கு வந்திருந்தது. 70 கெஜத்தில் ஒரு பெட்டை மான், ஒரே குண்டு, முப்பது அடிகூடப் போகவில்லை. பெரியவர்தான் அறுக்கச் சொல்லிக் கொடுத்தார். மிளகு போட்டு வறுத்து அவர் வீட்டுக்குக் கொண்டு போனேன், தண்ணீர் குடித்துக்கொண்டே சாப்பிட்டார்.

அம்மாவிடம் இந்தத் தடவையும் சொன்னேன். "உடனே போயிடுச்சா?" என்றார். ஆமாம்மா என்றேன். "சரி" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

அந்தத் தட்டுகளில் மூன்றை இங்கே கொண்டு வந்திருக்கிறேன், வாசல் மேஜையில் இருக்கிறது. வெர்னியர் வைத்திருக்கிற தம்பிகள் துளைகளை அளந்து சிக்மா கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றாவது தட்டில் ஒரு துளை ஓரத்தில் இருக்கும், அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று சாப்பாட்டு நேரத்தில் என்னோடு சண்டை போடலாம்.