மூன்றரைக் கட்டை ஏன் இல்லை?

(திருச்சுழிப் பக்கத்தில் பேசிய பேச்சின் சாரம்)

நம் பக்கத்தில் ஆர்மோனியப் பெட்டி இல்லாமல் நாடகம் நடக்காது. பாடுகிறவரின் சுருதியைக்கூட ஒரு கட்டை, நாலரைக் கட்டை என்று அந்தப் பெட்டியைக் கொண்டுதான் சொல்லுகிறோம். ஆனால் மூன்றரைக் கட்டை என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? கிடையாது. ஏனென்றால், மூன்றாவது வெள்ளைக் கட்டைக்கும் நாலாவதற்கும் நடுவில் கறுப்புக் கட்டையே இல்லை. ஏழரையும் இல்லை. இதனால், ஒரே பாட்டை ஒரு கட்டையில் வாசிக்க ஒரு விரல் கணக்கு, ஒன்றரைக் கட்டையில் வாசிக்க வேறு விரல் கணக்கு என்று பழக வேண்டியிருக்கிறது.

இந்த அமைப்பு ஐரோப்பியக் கட்டை வாத்தியங்களிலிருந்து வந்தது. 1882இல் ஹங்கேரி நாட்டுப் பால் வான் யாங்கோ என்பவர் கட்டைகளை வரிசை வரிசையாக மாற்றி அமைத்தார். எந்தச் சுருதியானாலும் ஒரே விரல் கணக்கு போதும். சில கம்பெனிகள் செய்தும் விற்றன. ஆயினும் நிலைக்கவில்லை. கட்டை அமுக்கக் கனம் என்று குறை சொன்னார்கள். பெரிய காரணம் அதுவல்ல. வாத்தியாருக்குத் தெரிந்தது பழைய கட்டை. அதையே மாணவனுக்குச் சொல்லிக் கொடுத்தார். மாணவன் கேட்பதையே கம்பெனிக்காரன் செய்தான். கைதேர்ந்த வித்வானோ மறுபடியும் மாணவனாக இணங்கவில்லை.

இதில் சாமியும் இல்லை, சாஸ்திரமும் இல்லை, வெறும் பழக்கம். வெறும் பெட்டிக்கே பழக்கம் இவ்வளவு பலமென்றால், மோட்சம், நரகம், தட்சணை எல்லாம் வைத்துக் கட்டிய ஜாதிக்கும் சடங்குக்கும் எவ்வளவு பலமிருக்கும்? யோசித்துப் பாருங்கள்!

ஆதலால், நியாயம் நம் பக்கமிருக்கிறது, தானே ஜெயிக்கும் என்று திண்ணையில் உட்கார்ந்திருந்தால் ஜெயிக்காது. பெரியார் 1935இல் எழுத்துச் சீர்திருத்தத்தைக் “குடி அரசு” பத்திரிகையில் அச்சிட்டே காட்டினார். சர்க்கார் அதில் 13 எழுத்துக்களை ஏற்றது 1978இல். பெரியார் மறைந்ததோ 1973இல். ஏற்ற பிறகு பாடப் புத்தகத்தில் ஏறிற்று. புதிதாகப் படிக்க வந்த பிள்ளைக்கு அதுவே முதல் எழுத்தாயிற்று. இன்று பழைய ‘லை’யைக் காட்டினால் பிள்ளைகள் இதென்ன என்று கேட்கிறார்கள்.

அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துச் சுக்கிலநத்தத்தில் 1928இலேயே புரோகிதரில்லாத சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அண்ணா ஆட்சியில் 1967இல் நிறைவேறிய சட்டம் 1968இல் அமலுக்கு வந்த பிறகே அது செல்லுபடியாயிற்று. நாற்பது வருஷம்! அதுவரை செய்துகொண்டவர்கள் சட்டம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. இன்று சட்டம் இருந்தும் இதே கரிசல் காட்டில் புரோகிதரைத் தேடி ஓடுகிறோம். அவர் சொல்லும் மந்திரத்தின் அர்த்தம் நமக்குத் தெரியுமா? தெரியாது. விரல் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

தோழர்களே! மணமக்களுக்கு அதுதான் முதல் கலியாணம். அவர்களுக்கு எந்தப் பழக்கமும் கிடையாது, பழக்கமெல்லாம் நமக்குத்தான். ஆகையால் பழகிப்போனவர்களோடு வாதாடிப் பொழுதைப் போக்காதீர்கள். உங்கள் வீட்டில் நடக்கும் அடுத்த கலியாணத்தைப் புரோகிதரின்றி நடத்துங்கள். அதைப் பார்த்து வளரும் குழந்தைக்கு அதுவே வழக்கமாகிவிடும்.