பொய்க்குத் தடி ஏன்?



ஜெர்மனியில் 1933 முதல் 1945 வரை நடந்த ஹிட்லர் ஆட்சியைப்பற்றிச் சிறிது பேசலாமென்று கருதுகின்றோம். "அவ்வளவு படித்த ஜனங்கள் ஒரு மனிதனுடைய பேச்சில் எப்படி மயங்கினார்கள்?" என்று பலர் கேட்கின்றார்கள். பேச்சில் மயங்கினார்கள் என்பது பாதி உண்மைதான். பேச்சுக்குப் பின்னால் தடி நின்றது என்பது மற்ற பாதி.

1933 ஜனவரி 30-ந் தேதி ஹிட்லர் பிரதம மந்திரியானார். பிப்ரவரி 27-ந் தேதி இரவு பார்லிமெண்டுக் கட்டடம் தீப்பிடித்தது. மறுநாளே பேச்சுரிமை, பத்திரிகை உரிமை, கூட்டங் கூடும் உரிமை யாவும் ஓர் அவசரச் சட்டத்தால் பறிக்கப்பட்டன. மார்ச்சில் பிரசாரத்திற்கென்றே ஒரு இலாகா ஏற்படுத்தி, அதற்குக் கோயபெல்ஸை மந்திரியாக்கினார்கள். அதே மாதம் டாக்கௌ என்னும் ஊரில், விசாரணையின்றி அடைத்து வைக்க ஒரு முகாம் திறந்தார்கள். அதை மறைத்தார்களா? இல்லை, பத்திரிகையிலேயே அறிவித்தார்கள். ஏனென்றால், உள்ளே அடைபடுகிறவன் ஒருவன். அதைப் படித்து வாயை மூடிக்கொள்ளுகிறவர்களோ ஆயிரம் பேர்!

சர்க்காரே மலிவு ரேடியோ பரவ வழி செய்தது. ஆனால் 1939 செப்டம்பரில், அயல்நாட்டு ரேடியோ கேட்பதே குற்றமாயிற்று. கேட்டதைப் பிறருக்குப் பரப்பினால் மரண தண்டனைகூட உண்டு. இரகசியப் போலீசுக்கு அண்டை வீட்டுக்காரனே போய்த் துப்புச் சொன்னான். யூதர்களே சகல கேட்டுக்கும் காரணமென்று ஓயாமல் சொல்லப்பட்டது. மறுத்துப் பேசியவர்களின் வாய் அடைக்கப்பட்டது. முடிவில் சுமார் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள்.

1943 பிப்ரவரி 18-ந் தேதி மூனிச் சர்வகலாசாலையில் ஹான்ஸ் ஷோல், அவர் தங்கை ஸோஃபி ஷோல் ஆகிய இரு மாணவர்கள் ஆட்சியைக் கண்டித்துத் துண்டுப் பிரசுரங்கள் போட்டார்கள். அங்கிருந்த சேவகன் ஒருவன் கண்டு பிடித்துக் கொடுத்தான். 22-ந் தேதி விசாரணை. அன்றே தலை வெட்டப்பட்டது. அந்தப் பெண்ணுக்கு வயது 21.

தோழர்களே! ரேடியோவும் பட்டாளமும் கையிலுள்ள ஒரு சர்க்கார், ஒரு காகிதத் துண்டுக்கு ஏன் நடுங்க வேண்டும்? மெய்யானால் கேள்விக்குப் பதில் சொல்லும். பொய்யானால் தடியைத்தான் தூக்கும்.

ஆகவே, கேட்டால் நரகம் என்றாலும் சரி, கேட்டால் சிறை என்றாலும் சரி, அங்கே ஏதோ புரட்டு இருக்கிறதென்று அறியுங்கள். நாம் சொல்லுவதையும் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டாம். ஐயமிருந்தால் இந்த மேடைக்கே வந்து கேளுங்கள். கேட்பவர் உள்ளவரையில்தான் நமக்கும் யோக்கியதை உண்டு.