நோன்பும் மாத்திரையும்: கொழுப்பைக் குறைக்கும் மருந்தைப் பிழையின்றி உட்கொள்ளும் முறை

(திண்டிவனத்தில் தசலட்சணப் பெருவிழாவை ஒட்டி நிகழ்ந்த மருத்துவ உரையின் எழுத்து வடிவம்)

 

இல்லறத்தார் ஆற்றவேண்டிய தானங்கள் என்று சமண அறநூல்கள் நான்கினை வகுத்தன. அவை ஆகாரம், அபயம், ஔஷதம், சாத்திரம் என்பன. உணவுக்கும் கல்விக்கும் நிகராக மருந்தையும் அறத்தின் வரிசையில் வைத்த மரபு இது. பதினெண்கீழ்க்கணக்கில் இடம்பெற்ற சமணப் புலவர் இருவர் தம் நூல்களுக்கு மருந்தின் பெயரையே சூட்டினர். கணிமேதாவியார் ஏலம் முதலிய ஆறு சரக்குகள் சேர்ந்த மருந்தின் பெயரால் ஏலாதியையும், காரியாசான் ஐந்து சிறு வேர்கள் சேர்ந்த மருந்தின் பெயரால் சிறுபஞ்சமூலத்தையும் தந்தனர். உடல் நோய்க்கு மருந்து எப்படியோ, உள்ள நோய்க்கு அறம் அப்படி என்பது அவர்தம் கருத்து.

இத்தகைய மரபில் வந்த குடும்பங்களில் இன்று ஒரு நிலை காணப்படுகிறது. மருத்துவர் எழுதித் தந்த ஸ்டாடின் மாத்திரையைச் சில மாதம் உட்கொண்டு, பின்னர் எவரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுகிறவர்கள் உள்ளனர். அதற்கு அவர்கள் கூறும் காரணங்கள் பெரும்பாலும் ஐந்து. புலால் உண்ணாதவர்க்குக் கொழுப்பு ஏது என்பது முதலாவது. இரவில் உட்கொள்ளச் சொன்னார்கள், சூரியன் மறைந்தபின் நீரும் அருந்துவதில்லை என்பது இரண்டாவது. நோன்பு நாளில் எப்படி உட்கொள்வது என்பது மூன்றாவது. மருந்து எந்த உயிரிலிருந்து வந்ததோ என்னும் ஐயம் நான்காவது. கை கால் வலிக்கிறது என்பது ஐந்தாவது. இவ்வைந்துக்கும் விடை உண்டு. விரதத்தைக் கைவிடாமலே மருந்தையும் கைவிடாதிருக்க இயலும் என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலாவது ஐயத்தை எடுத்துக்கொள்வோர், கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்பதை அறிதல் வேண்டும். கொலஸ்ட்ரால் உடலுக்கு வேண்டாத பொருளன்று. உயிரணுக்களின் சவ்வுக்கும், பித்தநீருக்கும், வைட்டமின் டி-க்கும், பல ஹார்மோன்களுக்கும் அதுவே மூலப்பொருள். அதனால் உடல் தனக்கு வேண்டியதன் பெரும்பகுதியைத் தானே உற்பத்தி செய்துகொள்கிறது. கல்லீரல் அதில் முதன்மை வகிக்கிறது. தாவர உணவில் கொலஸ்ட்ரால் இல்லை என்பது உண்மையே. ஆனால் நெய், வெண்ணெய், பாலாடை, வனஸ்பதி, பாமாயில் ஆகியவற்றிலுள்ள செறிவுற்ற கொழுப்பு இரத்தத்தில் எல்.டி.எல். எனப்படும் தீய கொழுப்பை ஏற்றுகிறது. அன்றியும், சில குடும்பங்களில் எல்.டி.எல். கொழுப்பை இரத்தத்திலிருந்து வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் பிறப்பிலேயே குறைந்திருக்கும். அந்த ஏற்பிகளைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1985ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். இக்குறையுடையோர் இலையும் கிழங்கும் மட்டுமே உண்டாலும் கொழுப்பு உயரும். தந்தைக்கோ உடன்பிறந்தாருக்கோ ஐம்பது வயதுக்குள் மாரடைப்பு வந்திருப்பின், அவ்வீட்டு இளைஞர்களும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளல் வேண்டும்.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடெங்கும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2023ஆம் ஆண்டு வெளியானது. வயது வந்தோரில் நூற்றுக்கு 24 பேருக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் மிகுந்திருப்பதாக அது தெரிவித்தது. புலால் உண்ணாத பெருங்கூட்டத்தைக் கொண்ட நாட்டில் வந்த கணக்கு இது.

ஸ்டாடின் என்னும் மருந்து பிறந்த வரலாறும் அறியத்தக்கது. ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ ஏறத்தாழ ஆறாயிரம் நுண்ணுயிர் வகைகளைச் சோதித்து, 1973ஆம் ஆண்டு ஒரு பச்சைப் பூஞ்சணத்திலிருந்து கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருளைப் பிரித்தெடுத்தார். கல்லீரலில் கொலஸ்ட்ராலை உருவாக்கும் நொதி ஒன்றை அது தடுக்கிறது. உற்பத்தி குறைந்த கல்லீரல் தன் தேவைக்கு இரத்தத்திலுள்ள எல்.டி.எல். கொழுப்பை மிகுதியாக இழுத்துக்கொள்கிறது. இரத்தக்குழாய்ச் சுவரில் படிவது அதனால் குறைகிறது. 1987ஆம் ஆண்டு முதல் ஸ்டாடின் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1994ஆம் ஆண்டு வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில் இதயநோய் உடைய 4,444 பேர் பங்கேற்றனர். ஐந்தாண்டுக்கு மேற்பட்ட காலத்தில், வெற்று மாத்திரை பெற்றோரில் 256 பேர் இறந்தனர்; சிம்வாஸ்டாடின் பெற்றோரில் 182 பேர் இறந்தனர். ஸ்டாடினின் பயன் பற்றிய ஐயம் பெருமளவு நீங்கியது அதன் பின்னரே.

தமிழக அரசு 2023ஆம் ஆண்டு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தையும் இங்கு நினைவுகூரலாம். நெஞ்சுவலியோடு ஊர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவோர்க்கு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புமுன்னரே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் ஆகியவற்றோடு அடோர்வாஸ்டாடின் என்னும் ஸ்டாடினும் தரப்படுகிறது. உயிர்காக்கும் முதல் மணி நேரத்திலேயே இம்மருந்துக்கு இடம் தரப்பட்டிருப்பது அதன் மதிப்பைக் காட்டும்.

இரண்டாவது ஐயம் வேளை பற்றியது. ஸ்டாடின் இரவில்தான் உட்கொள்ள வேண்டும் என்னும் எண்ணம் பழைய மருந்துகளால் எழுந்தது. உடல் இரவில் கொலஸ்ட்ராலை மிகுதியாக உற்பத்தி செய்கிறது. சிம்வாஸ்டாடின் உடலில் தங்கும் நேரமோ குறைவு. ஆகவே அதனை மாலையில் தருவது முறையாயிற்று. இன்று பெரும்பாலோர்க்கு எழுதப்படும் அடோர்வாஸ்டாடினும் ரோசுவாஸ்டாடினும் நெடுநேரம் தங்கி வேலை செய்பவை. அவற்றைக் காலை, நண்பகல், மாலை என எவ்வேளையிலும் உட்கொள்ளலாம்; நாள்தோறும் அதே வேளையாக இருத்தலே வேண்டுவது. இரவுண்ணாமையைக் கடைப்பிடிப்போர் இதனை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லிக் காலை வேளைக்கு மாற்றி எழுதித்தரக் கேட்கலாம். சிம்வாஸ்டாடின் உட்கொள்வோர் கதிரவன் மறையுமுன் உண்ணும் மாலையுணவோடு அதனை முடித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, நோன்பு நாள். செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்த செய்தியைப் பழங்கல்வெட்டு கூறுகிறது. தெளிந்த அறிவோடு துறவி ஏற்ற நோன்பு அது. இல்லறத்தார் ஒருவர் வீட்டாருக்கும் மருத்துவருக்கும் தெரிவியாமல் மாத்திரையை நிறுத்துவதை அந்த வரிசையில் வைத்தல் ஆகாது.

ஒருநாள் முழு உபவாசத்தில் ஸ்டாடின் தவறினால் உடனடித் தீங்கு நேர்வதில்லை. மறுநாள் பாரணைக்குப் பின் வழக்கமான ஒன்றை மட்டும் உட்கொண்டால் போதும். விட்டதைச் சேர்த்து இரண்டாக உட்கொள்ளுதல் கூடாது. ஆயினும் மூன்று நாள், எட்டு நாள், பத்து நாள் எனத் தொடரும் நோன்பு வேறு. நீர் குறைந்து உடல் வறண்டால் சிறுநீரகம் தளரும். அந்நிலையில் மருந்தினால் தசைக்கு ஊறு நேரும் வாய்ப்பும் கூடும். எனவே நீண்ட நோன்பு ஏற்பவர், அதற்கு ஒரு வாரம் முன்னரே மருத்துவரைக் கண்டு பேசுதல் இன்றியமையாதது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். ஸ்டாடினோடு பிற மருந்தும் உட்கொள்வோர் எல்லா மாத்திரைகளையும் ஒன்றாகக் கருதலாகாது. இரத்தக்குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் தாமாக ஒருநாளும் நிறுத்தலாகாது. ஸ்டென்டில் இரத்தம் உறைந்து மாரடைப்பு நேரலாம். அதற்கு மாறாக, சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ பெறுவோர் உண்ணாமல் இருந்துகொண்டு அதே அளவு மருந்தை எடுத்தால், சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். ஒன்று நிறுத்தினால் ஆபத்து. மற்றொன்று குறைக்காவிட்டால் ஆபத்து. இவற்றை வகுத்துச் சொல்ல மருத்துவரால் மட்டுமே இயலும்.

நான்காவது ஐயம் அகிம்சையைத் தொட்டது. ஆகவே அதற்கு நேரான விடை தருதல் வேண்டும். லோவாஸ்டாடின், பிராவாஸ்டாடின், சிம்வாஸ்டாடின் ஆகியவை பூஞ்சணத்தின் வழி வந்தவை. அடோர்வாஸ்டாடினும் ரோசுவாஸ்டாடினும் முற்றிலும் வேதியியல் முறையில் செய்யப்படுபவை. விரதத்துக்கு உகந்ததை நாடுவோர் இவ்விரண்டில் ஒன்றை மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம். கருத வேண்டிய மற்றொன்று கேப்சூல் உறை. ஸ்டாடினையும் ஆஸ்பிரினையும் ஒன்றாக அடைத்து விற்கும் கேப்சூல்கள் பல உள்ளன. கேப்சூல் உறை பெரும்பாலும் விலங்கின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனது. இதை அறிந்தபின் சிலர் கேப்சூலைக் குப்பையில் எறிகின்றனர். அது தவறு. அதே மருந்துகளைத் தனித்தனி மாத்திரைகளாக எழுதித்தரும்படி கேட்டால் விரதமும் காக்கப்படும், இதயமும் காக்கப்படும். மாற்று மாத்திரை கைக்கு வரும்வரை பழைய மருந்தை நிறுத்தாதிருத்தல் நலம்.

ஐந்தாவது, வலி பற்றிய அச்சம். ஸ்டாடினால் தசைவலி வருவதுண்டு. ஆனால் வரும் வலியெல்லாம் அதனால் வருவதன்று. பக்கவிளைவு கண்டதாக மாத்திரையை நிறுத்திய 60 பேரைக் கொண்டு லண்டனில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2020ஆம் ஆண்டு வெளிவந்தது. அவர்களுக்கு ஓராண்டு முழுதும் சில மாதம் ஸ்டாடினும், சில மாதம் மருந்தில்லா வெற்று மாத்திரையும் மாறிமாறித் தரப்பட்டன. சில மாதம் ஏதும் தரப்படவில்லை. ஸ்டாடின் மாதங்களில் அவர்கள் உணர்ந்த துன்பத்தில் ஏறக்குறைய 90 விழுக்காடு வெற்று மாத்திரை மாதங்களிலும் இருந்தது. அவர்கள் பொய் கூறவில்லை, வலி மெய்யே. அதனை எழுப்பியது பெரும்பாலும் மருந்தைப் பற்றிய அச்சம்.

எனினும் மெய்யான ஆபத்தின் அடையாளங்களை அறிந்திருத்தல் வேண்டும். இரு தொடைகளிலும் தோள்களிலும் கடுமையான வலியும் தளர்ச்சியும், சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போதல், கண் மஞ்சளித்தல் ஆகியவை தோன்றினால் மாத்திரையை நிறுத்தி அன்றே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். பதினாயிரம் பேர் ஓராண்டு உட்கொண்டால் ஏறத்தாழ ஒருவருக்கே கடுமையான தசைநோய் நேர்கிறது. முதுமை, சிறுநீரக நோய், தைராய்டு குறைவு ஆகியவை அந்த வாய்ப்பைக் கூட்டும். சர்க்கரை அளவு சிலருக்குச் சற்று ஏறலாம். மாரடைப்பைத் தடுக்கும் நன்மை அதனினும் பெரிது.

பிற மருந்துகளோடு சேரும்போது எழும் தீங்கே பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகிறது. 2001ஆம் ஆண்டு செரிவாஸ்டாடின் என்னும் ஸ்டாடின் உலகெங்கும் விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. தசைச் சிதைவால் நேர்ந்த இறப்புகளே காரணம். அவருள் பலர் ஜெம்ஃபைப்ரோசில் என்னும் வேறொரு கொழுப்பு மருந்தையும் உடன் உட்கொண்டவர்கள். இருமலுக்கும் சளிக்கும் தரப்படும் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், படர்தாமரைக்குத் தரப்படும் இட்ராகோனசோல் ஆகியவை சிம்வாஸ்டாடின், அடோர்வாஸ்டாடின் அளவை இரத்தத்தில் உயர்த்துகின்றன. ஆகவே காய்ச்சலுக்கு எந்த மருத்துவரைக் கண்டாலும், கொழுப்பு மாத்திரை உட்கொள்வதை முதலில் சொல்லல் வேண்டும். ரோசுவாஸ்டாடின் உட்கொள்வோர் நெஞ்செரிச்சலுக்கான அமில முறிவு மருந்தை இரண்டு மணி நேரம் கழித்தே அருந்துதல் நன்று. கருவுற்ற பெண்டிரும், கருத்தரிக்க விரும்புவோரும், பாலூட்டுவோரும் இம்மருந்து பற்றி மருத்துவரிடம் உடனே பேசுதல் வேண்டும்.

பெயர் மயக்கமும் ஒரு தீங்கு. திண்டிவனத்தில் வாங்கிய அட்டையில் ஒரு கம்பெனியின் பெயர் இருக்கும். மகன் சென்னையில் வாங்கி அனுப்பிய அட்டையில் வேறொரு பெயர் இருக்கும். உள்ளே இருப்பது ஒரே மருந்து. இரண்டையும் வெவ்வேறென எண்ணி இரட்டிப்பாக உட்கொள்ளும் முதியோர் உண்டு. அட்டையில் கம்பெனிப் பெயரை விட்டு, சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரையும் மில்லிகிராம் அளவையும் பார்த்தல் வேண்டும். மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் இம்மருந்து குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. விலை காரணமாக ஒருநாள் விட்டு ஒருநாள் உட்கொள்ளத் தேவையில்லை.

மருந்து தொடங்கிய ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் இரத்தப் பரிசோதனை செய்து, மருந்து வேலை செய்கிறதா என்று பார்த்தல் முறை. இதயநோய் உள்ளவர்க்கு எல்.டி.எல். அளவு 70க்குக் கீழும், சிலருக்கு 55க்குக் கீழும் இருத்தல் வேண்டும் என்பர். அளவு இறங்கியதைக் கண்டு, ‘குணமாகிவிட்டது’ என்று நிறுத்துவது பெரும்பிழை. மாத்திரை உள்ளவரைதான் அளவு தாழ்ந்திருக்கும். நிறுத்திய சில வாரங்களில் பழைய நிலைக்கே ஏறும்.

தசலட்சண நோன்பை ஏற்க எண்ணும் ஒவ்வொருவரும் ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுதிக்கொள்வாராக. உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பெயரும் அளவும் முதலாவது. ஏற்கவிருக்கும் நோன்பின் வகையும் நாள் கணக்கும் இரண்டாவது. இரவுண்ணாமை, ஜெலட்டின் விலக்கு முதலிய விரதங்கள் மூன்றாவது. அத்தாளோடு தம் மருத்துவரையோ, திண்டிவனம் அரசு மருத்துவமனையையோ, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ நாடிச் செல்வாராக. படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளைகள் அத்தாளைப் பாட்டனாருக்கும் பாட்டியாருக்கும் எழுதித் தந்தால், அவர்கள் செய்யும் ஔஷத தானம் அதுவே ஆகும்.